மஞ்சள் தடவி வைத்த இன்ஷூரன்ஸ் பேப்பர்

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்கு மாடி கட்ட ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தோம். "வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "இன்னாக்கா, அது இல்லாமலா? இந்தா கீது பாரு" என்று ஒரு பேப்பரைக் கொடுத்தார். நானும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேனே தவிர, படித்துப் பார்க்கவில்லை.

போன மாதம் சாரம் சரிந்து கொத்தனார் செல்வம் விழுந்துவிட்டார். முருகன் புண்ணியத்தில் மணல் குவியல்மேல் விழுந்ததால், கால் எலும்பு முறிந்ததோடு உயிர் தப்பினார். ஆஸ்பத்திரியில் அந்தப் பேப்பரை நீட்டினால், "அம்மா, இது லோடு வண்டிக்கு எடுத்ததும்மா" என்கிறாள் அங்கிருந்த பெண்!

காண்ட்ராக்டரைக் கேட்டால், "அதுவும் இன்ஷூரன்ஸ்தானக்கா" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது? "இப்ப ஆஸ்பத்திரி செலவ யாரு பாக்கிறது அக்கா?" என்று செல்வத்தின் மனைவி அழுதாள். கடைசியில் நாங்கள்தான் பணம் கட்டி வைத்தியம் பார்த்தோம்.

அந்தக் காண்ட்ராக்டரை நிறுத்திவிட்டோம். புதியவர் பாலிசி கொண்டுவந்ததும், வேலையாட்களை நிற்க வைத்து அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு சித்தாளின் பெயர் இல்லை. அதைச் சேர்க்கும்வரை அவளை மேலே ஏறவிடவில்லை.