ஏழு வருசத் தக்காளி

வேலுத்தாய் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் ஒட்டப் போகிறவள். வீட்டுப் பின்பக்கக் கரிசலில் நாலு பாத்தி போட்டிருந்தாள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தக்காளி, அடுத்து கத்தரி, அதற்கடுத்து மிளகாய், கடைசியில் வெங்காயம். தொண்ணூற்று நாலில் போட்டது. ஒரு வருசம்கூட இடம் மாறியதில்லை.

மூன்று வருசம் நன்றாகக் காய்த்தது. நாலாம் வருசம் தக்காளி மஞ்சளடித்துத் துவண்டது. அப்புறம் கத்தரி, மிளகாய். சுவரைவிட்டுத் தள்ளியிருந்த வெங்காயத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் பக்கத்து வீட்டு ஜீனாவின் துவைகல். துணி துவைத்த தண்ணீரில் எதையோ கலந்து ஊற்றுகிறாள் என்று வேலுத்தாய் முடிவே கட்டிவிட்டாள். கேட்கவில்லை, பேச்சை மட்டும் அறுத்துக்கொண்டாள். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அழைக்க ஜீனா வந்தபோது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

இரண்டாயிரத்து ஒன்றில், விஷம்தான் என்று எழுதி வாங்கிவிடும் வேகத்தோடு, வாடிய செடி ஒன்றை மண்ணோடு பிடுங்கி விவசாய ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த அதிகாரி சுகுணா மண்ணை உதறினாள். வேர் முழுக்கக் கொண்டைக்கடலையைக் கோத்ததுபோல் முண்டு முண்டாக இருந்தது.

"விஷம் இல்லக்கா, நூற்புழு. கண்ணுக்கே தெரியாது. எத்தன வருசமா அதே எடத்துல தக்காளி வைக்கீங்க?"

"ஏழு வருசமா."

"பக்கத்துல?"

"கத்தரி... மிளகா..."

"மூணும் ஒரே குடும்பம். வருசம் தவறாம நீங்களே புழுவுக்குச் சோறு போட்டிருக்கீங்க. வெங்காயத்த அது அவ்வளவாச் சீண்டாது."

வேலுத்தாய் அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுகுணா பயிர் மாற்றிப் போடும் விதத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். பாதிதான் உள்ளே இறங்கியது.

நேரே ஜீனா வீட்டுக்குப் போய், நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜீனாவின் கையிலிருந்த முறம் சரிந்தது.

"விஷம் ஊத்துனேன்னா நெனச்சீங்க? நாங்க வேதக்காரங்கன்னுதான் நீங்க பேசலன்னுல்லா இருந்தேன்! இந்தத் தெருவ விட்டே போயிருவோம்னு எங்க வீட்டு அவியகிட்ட எத்தன நாள் அழுதிருக்கேன், தெரியுமாக்கா?"

கிறிஸ்தவங்க என்று ஒதுக்கியதாக இதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று வேலுத்தாய் கனவிலும் நினைத்ததில்லை. ஜீனா உள்ளே போய்விட்டாள்.

மறு ஞாயிறு, காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு கட்டம் போட்டு உட்கார்ந்தாள் வேலுத்தாய். தக்காளி வெங்காயப் பாத்திக்கு. தக்காளி இருந்த இடத்துக்கு வெங்காயம். கத்தரிப் பாத்தியில் கேந்திப்பூ என்கிற செண்டுமல்லி, மிளகாய்ப் பாத்தியில் மக்காச்சோளம். அடுத்த வருசத்துக்கு இன்னொரு நாலு கட்டம்.

சுவருக்கு மேலே ஜீனாவின் தலை தெரிந்தது.

"கேந்தி எதுக்குக்கா?"

"அந்தப் புழுவுக்கு ஆகாதாம்ட்டி" என்றாள் வேலுத்தாய்.

அந்த வருசம் தக்காளி பிழைத்தது. ஜீனா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி தினமும் பேசினாள். வீட்டுக்குள் வர மட்டும் மேற்கொண்டு ஒரு வருசம் ஆயிற்று.