பிசின் போட்டு ஒட்டிய படம்

என் தாய்மாமன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. செத்தவர்மேல் கோபம் வைக்கக்கூடாது என்பார்கள். வைத்தால் என்ன செய்துவிடுவாராம்? எனக்கு இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்புமாகப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு ஒரே தம்பி. பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் கிடைத்துச் சைகோனுக்குக் கப்பலேறியவர், ஏழு வருஷம் கழித்துத் தோல்பெட்டியும் தொப்பியுமாகத் திரும்பி வந்தார். வந்தது அக்காவைக் கட்டிக்கொண்டு போக. அக்கா தொட்டிலில் கிடந்தபோதே மாமனுக்கு என்று முடிவான விஷயம் அது. அவளுக்கு அப்போது பதினாறு, அவருக்கு முப்பத்து மூன்று. எனக்கு ஒன்பது.

அக்காவுக்கு இஷ்டமில்லை. ஒருநாள் மாவாட்டிக்கொண்டே, "ரெண்டு வருசம் போவட்டுமேம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். "இன்னாடி வாய் நீளுது?" என்று அம்மா ஒரே அதட்டில் முடித்துவிட்டாள். பெற்ற பெண்ணின் கருத்தை எங்கள் வீட்டில் கேட்டறிந்த லட்சணம் இது.

பரிசம் போட்ட அன்று மத்தியானம் மாமா வைத்த விருந்தைப் பற்றி ஊரே ஒரு மாதம் பேசியது. தரையில் பந்தி கூடாது, சைகோனில் பெரிய மனிதர்கள் சாப்பிடுகிற மாதிரி மேசை போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாலு வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்தோம். என்னென்ன பதார்த்தம் என்று பிரெஞ்சில் அட்டைகளில் எழுதி ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நிறுத்தினார். அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். பெரியப்பா நாற்காலிமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, சூப்பை ரசம் என்று நினைத்துச் சோறு கேட்டார். மாமா கொண்டுவந்த சீமைச் சாராயம் மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே உள்ளே போனது. அம்மாவும் அக்காவும் முந்தின நாளிலிருந்து அடுப்படியில் வெந்தார்கள். அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள், என்ன மிஞ்சியது என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டு ஓர் ஆல்பத்தைக் கையில் கொடுத்தார். கறுப்புத் தாள்களைப் பட்டுக்கயிற்றால் கோத்தது.

"வெள்ளக்காரப் பொண்ணுங்க விருந்து முடிஞ்சா எல்லாத்தையும் இதுல ஒட்டி வெச்சிக்குவாங்க. நீயும் ஒரு பக்கம் ஒட்டுடி. நாள் குறிக்க வர்றாங்க இல்ல, அன்னிக்கி எல்லாருக்கும் காட்டு. மாமா சைகோனுக்கு எடுத்தும் போறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் அதே வேலையாக இருந்தேன். சீசாவிலிருந்து நனைத்து உரித்த சீட்டு, பரிசத் தட்டில் கிடந்த ஜரிகைத்தாள், மிட்டாய் சுற்றிவந்த வெள்ளிக் காகிதம், அக்கா தலையிலிருந்து விழுந்த கனகாம்பரம் என்று சோற்றுப் பருக்கையால் சுற்றிலும் ஒட்டினேன். நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கிடந்தது. பதார்த்த அட்டை ஒன்று வேண்டும் என்று மாமாவைக் கேட்டதற்கு, "பெட்டியில இருக்குது, எடுத்துக்கோ" என்று ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டார். தன் வாயாலேயே சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னத் திருப்தி.

அட்டைகளுக்கு நடுவே ஒரு போட்டோ இருந்தது. தொப்பி போட்ட மாமா நிற்கிறார். முன்னால் நாற்காலியில், நீள அங்கியும் தொளதொளத்த கால்சட்டையும் போட்ட ஒரு சைகோன்காரி. அவள் மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு பையன். பையனுக்கு மாமாவின் விடைத்த காது. நான் பார்த்ததெல்லாம் மாமாவின் தொப்பியைத்தான். இவ்வளவு அழகான மாமா படத்தை விட்டுவிட்டு அட்டையை யார் ஒட்டுவார்கள்?

அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மாமா வருவதற்குள் ஒட்டிவிடலாம் என்று நான் பருக்கையை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறு வாணாம். உரிஞ்சிடும்."

தோட்டத்துக்குப் போய்க் கருவேலம் பிசின் கொண்டுவந்து, கொட்டாங்கச்சியில் வெந்நீர் ஊற்றிக் கரைத்தாள். படத்தின் முதுகெல்லாம் அவளே தடவினாள். நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தச் சொன்னாள். அக்காவுக்கும் என் வேலை பிடித்துப்போயிற்று என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை பங்காளிகள் கூடினார்கள். பஞ்சாங்கத்தைப் பிரிக்குமுன் மாமாவே, "சின்னவ ஒண்ணு செஞ்சிருக்கா, பாருங்க" என்று என்னை அழைத்தார். ஆல்பம் முதலில் பெரியப்பா கைக்குப் போனது. சிரித்துக்கொண்டே வாங்கியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா மாமாவைப் பார்த்தார்.

"அது... நான் குடியிருக்கிற வூட்டுக்காரம்மா" என்றார் மாமா.

நம்பினார்களா? அந்தக் காதைப் பார்த்த பிறகு ஒரு குருடன்கூட நம்பியிருக்கமாட்டான். கடைசியில் பெரியப்பாதான் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பொண்ணு காதுக்கு இது போச்சான்னு விசாரிச்சிட்டு வாம்மா. போயிருந்தா தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துடலாம். தெரிஞ்ச பொண்ணப் புடிச்சித் தள்ளின பாவம் நமக்கு வாணாம். போவலன்னா இத்தோட மூடிடுங்க."

எப்பேர்ப்பட்ட நியாயம் பாருங்கள். அந்தச் சைகோன்காரியைப் பற்றிக் கேள்வி இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேள்வி இல்லை. கழுத்தை நீட்டப்போகிறவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் பாவபுண்ணியத்துக்கு எல்லை.

அக்காவைக் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமே. அதனால் அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒழுங்கா சொல்லு. அக்கா இதப் பாத்தாளா?"

அம்மாவுக்குப் பின்னால், கூடத்துப் பேச்சு கேட்கிற கதவோரம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அக்கா கண்கொட்டாமல் என்னையே பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சுகிறாள் என எனக்குப் பட்டது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். ஒரு காரியத்தில் மாட்டிக்கொண்டால் அடி விழும்.

"நானேதான் எடுத்தேன். நானேதான் ஒட்டனேன். அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது."

அம்மா பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு நிம்மதி மூச்சு. அதற்குப் பிறகுதான் கரண்டிக்காம்பை எடுத்து என்னை விளாசினாள். அடித்த கையோடு போய், பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இது சின்னது செய்த கூத்து என்று கூடத்தில் சொன்னாள். பஞ்சாங்கம் பிரிந்தது. படத்தைக் கிழித்தெடுக்க மாமா எவ்வளவோ பார்த்தார், பிசின் விடவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தையே அரிவாள்மணையில் அறுத்து அடுப்பில் போட்டார்கள்.

கல்யாணம்வரை அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதுகெல்லாம் தடித்துக் கிடக்க, "உனக்காகத்தானே அடி வாங்கினேன்" என்று ஒருநாள் அவள்மேல் பாய்ந்தேன்.

"உன்ன யாருடி வாங்கச் சொன்னது?" என்றாள். அவ்வளவுதான். தை பிறந்ததும் கப்பலேறிவிட்டாள். நன்றி கெட்டவள் என்று நெடுநாள் அவளை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போட்ட கடிதங்களுக்குக்கூட ஒழுங்காகப் பதில் எழுதவில்லை.

பின்னால் எனக்கும் கல்யாணமாகி, என் மகன் பட்டம் கிழிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தான். பருக்கையை வைத்து ஒட்டிக்கொடுத்தேன். சாயங்காலமே உரிந்துகொண்டது. "பிசின் போட்டாத்தாம்மா நிக்கும்" என்றான். சோறு வேண்டாம், உரிந்துவிடும் என்று அக்கா அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல வீட்டில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அன்றைக்குக் கதவோரம் நின்று என்னைக் கெஞ்சினாள் என்பது சரி. சொல்லிவிடு என்றுதான் கெஞ்சினாள்.