தேடியிடம் இல்லாத பதில்

சூரியபிரகாஷ் வாய் ஓயாமல் பேசுகிறவன். கோச்சடையில் தெருமுனைக்குப் பால் வாங்கப் போனால் பாக்கெட்டோடு திரும்ப அரை மணி நேரம் ஆகும். "வர்ற வழியிலயே தயிராகிருக்கும், பாருங்க" என்பாள் அவன் மனைவி தமிழ்ச்செல்வி. அவனுடைய மாமன் மகள்தான். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. ஆனாலும், "செத்த நேரம் வாயை மூடுங்க மாமா, காது வலிக்குது" என்று அவள் சொல்லாத நாள் குறைவு.

அந்தப் பேச்சுதான் அவனுக்குச் சோறு போட்டது. மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு மருந்துக்கடை நிறுவனத்தில், கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உசிலம்பட்டியில் பில் மெஷின் மக்கர் பண்ணினாலும், மேலூரில் ஸ்டாக் கணக்கு திறக்காவிட்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். கடையில் நிற்கிற பெண்கள் பயந்துபோய்ப் பேசுவார்கள். எதிரே மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு யாராவது சத்தம் போடுவதும் கேட்கும். "ஏ தாயி, பதறாத. மெஷினுக்குப் பின்னாடி கறுப்பு வயரு ஒண்ணு இருக்கா? கழட்டி மாட்டு. மாட்டிட்டியா? சாப்ட்டியா நீ?" என்று இவன் கேட்டு முடிப்பதற்குள் அங்கே பில் வந்துவிடும்.

ஒவ்வொரு புகார் தீர்ந்ததும், அது எப்படித் தீர்ந்தது என்று கம்ப்யூட்டரில் எழுதிவைக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மற்றவர்கள் இங்கிலீஷில் இரண்டு வரி அடித்து முடித்துக்கொள்வார்கள். சூரியபிரகாஷ் மட்டும் போனில் சொன்னதை அப்படியே தமிழில் அடிப்பான். 'பதறாத'வும் 'சாப்ட்டியா'வும்கூட அதில் இருக்கும். மேனேஜர் பட்டாபிராமன் ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னய்யா இது? புகாருக்குப் பதில் எழுதச் சொன்னா மகளுக்குக் கடுதாசி எழுதுற?"

"நாளைக்கு இதையே பாத்துத்தான சார் கடைப்புள்ளைகளுக்குச் சொல்லப் போறோம்? சொல்ற மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்."

அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு, கூட வேலை பார்த்த சாய்ராமும் அவனும் சேர்ந்து ஆபீஸ் அரட்டைக் குழுவுக்குள்ளேயே, கேட்டால் தானாகப் பதில் சொல்லும் ஒரு 'சாட்பாட்' செய்தார்கள். கடையிலிருந்து ஒரு கோளாறு குழுவில் வந்தால், ஆபீஸ்காரர்கள் யாராவது அதே வரியை அதனிடம் போட வேண்டும். பழைய புகார்களில் அதைப் போன்றதைத் தேடி, அப்போது எப்படிச் சரிசெய்தார்கள் என்று எழுதிவைத்ததை அது எடுத்துக் கொடுக்கும். கேட்டவருக்கு மட்டும்தான் அது தெரியும். வேறு எங்கும் போய்த் துழாவ வேண்டியதில்லை. 'தேடி' என்று பேர் வைத்தது சூரியபிரகாஷ்தான். தேடி வந்தபின் போன்கள் குறைந்தன. அவன் சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்கு வந்து இன்னும் கூடுதலாகப் பேசினான்.

போன பங்குனியில் ஒருநாள் காலை, பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது என்பதால்தான் தமிழ்ச்செல்வி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் சுவரோடு சாய்ந்து தரையில் கிடந்தான். வாயோரம் பற்பசை நுரை வழிந்துகொண்டிருந்தது.

மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். கால் ஓரளவு தேறியது. வலது கை மடியில் கிடந்தது. பேச்சு போய்விட்டது. பிறர் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிந்தது. திரும்பச் சொல்லத்தான் வார்த்தை இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று: "அதான்." தண்ணீருக்கும் அதான். மின்விசிறிக்கும் அதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பூனைப் படத்தைக் காட்டினாள். "அதான்" என்றான். உடனே அது இல்லை என்று அவனுக்கே தெரிந்து முகம் சுருங்கியது.

"இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு எழுத்து முதல்ல வரும், சில பேருக்குப் பாட்டு முதல்ல வரும்" என்றாள் அந்தப் பெண்.

தமிழ்ச்செல்வி சிலேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவன் இடது கையால் கோடு கிழித்துவிட்டுக் கீழே வைத்தான்.

சாய்ராம் பார்க்க வந்தபோது, செல்போனில் ஆபீஸ் குழுவைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். "சும்மா பாத்துக்கிட்டு இருங்கண்ணே, பொழுது போகும்."

அடுத்த வாரம் சாய்ராமிடமிருந்து போன் வந்தது. மூச்சிரைக்கப் பேசினான்.

"அண்ணி, குரூப்பப் பாத்தீங்களா? அண்ணே வந்துட்டாரு!"

அவள் ஓடிப் போய்க் கணவனின் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். உசிலம்பட்டிக் கடையில் பில் வரவில்லை என்று பவதாரிணி என்ற பெண் போட்டிருந்தாள். அதற்குக் கீழே சூரியபிரகாஷ் என்ற பேரில்: "ஏ தாயி, பதறாத. மெஷினுக்குப் பின்னாடி கறுப்பு வயரக் கழட்டி மாட்டு. மாட்டிட்டுச் சாப்பிடப் போ." அதற்கும் கீழே கைதட்டும் பொம்மைகளும் அழும் பொம்மைகளும் வரிசையாக.

தமிழ்ச்செல்வி அதை வாய்விட்டு வாசித்தாள். அவனுடைய குரலே காதில் விழுந்தது போலிருந்தது. சாய்ராம் இன்னும் போனில் இருந்தான் என்பதையும் மறந்து அழுதாள்.

அதன்பிறகு தினமும் பதில் போனது. ஒருநாள் சோழவந்தான் கடையின் பொறுப்பாளருக்கும் போனது. கிருதா வைத்த பெரிய மனுஷன் அவர். அவருக்கும் "ஏ தாயி" என்றே போக, குழுவே சிரித்துக் கிடந்தது. "சூர்யாவுக்குக் குசும்பு மட்டும் கொறையல" என்று அவரே எழுதினார். தமிழ்ச்செல்வி அதையும் படித்துச் சிரித்தாள். எழுத்து முதலில் வந்துவிட்டது, பேச்சு பின்னால் வரும் என்று அன்றிலிருந்து நம்பினாள்.

ஒன்றுதான் உறுத்தியது.

"மேலூர்க்காரி சாப்ட்டாளான்னு கேக்கத் தெரியுது. எனக்கு ஒரு வரி போட்டா என்ன மாமா, கை தேஞ்சிருமா?"

அவன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "அதான்."

நோயில் கிடந்தபோது குளிப்பாட்டியது, துடைத்துவிட்டது எல்லாம் அவனுக்குக் கூச்சமாகியிருக்கும், அதுதான் தன்னிடம் ஒதுங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் வாயை மூடச் சொன்னதற்குக் கோபமோ என்றும் நினைத்தாள்.

பட்டாபிராமன் போன் செய்தார். "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா. தலைமை ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வர்றார். எதிர்ல உக்காந்து நாலு கேள்வி கேப்பார், எழுதிக் காட்டினாப் போதும். மறுபடி சேத்துக்கலாம். இப்பவே நல்லாத்தானே பதில் போடறான்." அவள் அன்றைக்கே அவனுடைய நீலக்கோடு போட்ட சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

சனிக்கிழமை முற்பகல், சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ தோன்றியது. முகத்தைப் பார்த்துக் கேட்டால்தானே கூச்சம்? கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து அவனுக்கு எழுதினாள். "மாமா, ஏன் எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறீங்க? எம்மேல கோவமா?"

அனுப்பிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவன் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த போன் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய செய்தியைத் திறந்தான். வாசித்தான். அதன்மேல் இடது கட்டைவிரலை அழுத்திப் பிடித்தான். எழுத்துகள் நீலமாயின. நகல் எடுத்தான். ஆபீஸ் குழுவுக்குப் போனான். தேடியைத் திறந்து, அவள் எழுதியதை அதில் ஒட்டினான்.

தேடி சொன்னது: "இதுபோன்ற புகார் இதுவரை வரவில்லை. வேறு சொற்களில் கேட்டுப் பாருங்கள்."

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் அவளுடைய செய்திக்குப் போய், நகல் எடுத்து, ஒட்டினான். அதே பதில். மறுபடியும். ஒட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, அடுப்பை அணைத்துவிட்டு, துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அங்கிருந்து சாய்ராமைக் கூப்பிட்டாள்.

"அவரு எழுதல தம்பி. ஒரு எழுத்துக்கூட எழுதல. தேடி குடுக்கறத எடுத்துப் போடுறாரு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"சோழவந்தான்காரருக்கு 'ஏ தாயி'ன்னு போச்சுல்ல, அன்னைக்கே தெரியும் அண்ணி. பழைய பதிலத் தெறந்து பாத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"மொத நாளு நீங்க போன்ல அழுதீங்கள்ல. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்ல? வேலையும் நடந்துச்சு. அண்ணனுக்கும் ஒரு இது…"

அவள் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "திங்கக்கிழம நாலு பேரு முன்னால அவரு முழிக்கக் கூடாது. நீங்களே சார்கிட்டச் சொல்லிருங்க."

"சொன்னா அண்ணனோட லாகின எடுத்துருவாங்க அண்ணி. விதி அப்பிடி. தேடியும் தெறக்காது."

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே அவனுடைய போன் மணி ஒலித்தது; எந்தக் கடையிலோ எதுவோ கோளாறு.

"சொல்லிருங்க" என்றாள்.

திங்கட்கிழமை தலைமை ஆபீஸ்காரர் வரவில்லை, தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னாள். அவன் தேய்த்து வைத்த சட்டையைப் பார்த்தான். அவள் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். பட்டாபிராமன் போனில் நல்லவிதமாகத்தான் பேசினார். அவருடைய குரலும் சரியாக இல்லை.

புதன்கிழமை காலை இட்லி எடுத்துக்கொண்டு வந்தபோது, அவன் போனை அவள் பக்கம் நீட்டினான். ஆபீஸ் குழு இருந்த இடத்தில் வெள்ளைத் திரை; நடுவில் உள்ளே நுழைய அனுமதி இல்லை என்று ஒரு வரி.

"அதான்?" என்றான்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, போனை வாங்கி அணைத்தாள். திரும்பப் போட்டாள். அவன் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த வைத்தியம். திரை அப்படியேதான் வந்தது.

"நெட்டு இல்ல போல மாமா. செத்த நேரத்துல வந்துரும்."

அவன் இடது ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்து திரையின் மேல் மூலையில் வைத்தான். நெட் குறி முழுதாக நிறைந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

அவளுக்கு அடுத்த பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை.

"அதான் மாமா…" என்று தொடங்கினாள்.

அவன் இட்லியைத் தொடாமல், அவள் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தான்.