எண்ணெய்க்கார சசியின் கால்

என் அண்ணன் பெண்டாட்டி சசியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது வரும் என்று பார்க்கிறேன், ஒன்றும் வருவதில்லை. ரத்னபுரி ஆஸ்பத்திரியில் அவளைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோதும் அப்படித்தான். காலை எடுக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டம். அண்ணன் விஜேந்திரனுக்குக் கொழும்பில் கட்டட வேலை, தீபாவளிக்கும் சாவுக்கும்தான் வீட்டுப் பக்கம் வருவான். நானும் அண்ணியும் லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பராவில் இருக்கிறோம். நான் பெல்மதுளையில் துணிக்கடையில் நிற்கிறேன். அவள் கொழுந்தெடுப்பை விட்டுவிட்டு, தோட்டத்துக்குக் கீழே பாறூக் முதலாளியின் எண்ணெய் வாடிக்குப் போனாள். காய்ந்த கறுவாப்பட்டை மரத்து இலையைப் பெரிய பீப்பாயில் போட்டு மிதித்து அடைத்து, கீழே நெருப்பெரித்து, ஆவியைக் குழாய் வழியாக இறக்கி எண்ணெய் வடிக்கிற வேலை. மிதிப்பதற்கு அவளைப் போல ஆள் கிடையாது என்று முதலாளியே சொல்லுவார். சிங்கள ஆட்கள் அவளைத் 'தெல் அக்கா' என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எண்ணெய்க்கார சசி.

எண்ணெய் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு சொட்டைத் தொட்டு நாக்கு நுனியில் வைப்பாள். வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். நாக்கு மரத்துப்போனால் தலையை ஆட்டுவாள், சரக்கு சுத்தம் என்று அர்த்தம். மரக்கவில்லை என்றால் இலை பச்சையாக இருந்திருக்கிறது, முதலாளியிடம் சண்டைக்குப் போவாள். வாடியில் எல்லோரும் அவள் நாக்கைத்தான் நம்பினார்கள்.

மிச்ச எண்ணெயைச் சின்னப் போத்தலில் கொண்டுவருவாள். பல்வலி, அட்டை கடித்துச் சீழ் பிடித்தது, சேற்றுப்புண், எல்லாவற்றுக்கும் லயத்து ஆட்கள் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, பாதிப் பேருக்குக் கேட்கவும் செய்தது. கேட்காதவர்கள் டிஸ்பென்சரிக்குப் போனதைப் பற்றி இவள் பேசவே மாட்டாள்.

போதாததற்கு டிலானி என்று ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளை வந்தது. ஆராய்ச்சிக்கு எண்ணெய் வாங்கிப் போய், அடுத்த முறை வரும்போது போனில் படம் காட்டியது. கண்ணாடித் தட்டு முழுக்க ஆடை படிந்த மாதிரி கிருமி. நடுவில் எண்ணெய் வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகச் சுத்தம்.

"பாத்தியாடி சர்மிளா! ஒண்ணு மிச்சமில்ல, எல்லாம் செத்துக் கெடக்கு" என்று அண்ணி என் தோளில் அடித்தாள்.

"அக்கா, இது தட்டுலதான். உடம்புல வேற மாதிரி. அப்படியே பச்சையா ஊத்தினா சதை வெந்துரும்" என்றது அந்தப் பிள்ளை. தெளிவாகத்தான் சொன்னது. இவள் காதில் விழுந்தது அந்த வட்டம் மட்டும்தான்.

அண்ணிக்குச் சீனி வியாதி. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதம் போனாள், பிறகு வேலை என்று விட்டுவிட்டாள். ஒருநாள் ஒரு காலில் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. லயமே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போன மழைக்காலத்தில் பீப்பாய்க்குள் இறங்கி மிதிக்கும்போது கறுவாக் குச்சி ஒன்று அவள் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. தெரியவில்லை. இலையில் ரத்தத்தைப் பார்த்து, "அட்டை கடிச்சிருக்கும்" என்று அடுத்த இலைக்கட்டை மிதித்திருக்கிறாள். எங்கள் பக்கம் மழையில் காலில் ரத்தத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் ஓட்டையைப் பார்த்தாள். குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எண்ணெயை ஊற்றினாள்.

"அண்ணி, டாக்டர்ட்ட காட்டுங்க."

"சும்மா இருடி. ஊத்துன ஒடனே மரத்துருச்சு பாரு. நல்ல சரக்கு."

தினமும் ஊற்றினாள், தினமும் அதையே சொன்னாள். கொஞ்சம்கூட வலிக்கவில்லையாம், எண்ணெய் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறதாம். நாக்கில் வைத்துப் பார்க்கிற கணக்கைக் காலுக்கும் போட்டுவிட்டாள். சீனி வியாதியில் அந்தக் கால் உணர்ச்சி செத்து எத்தனையோ காலம், அதில் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் வலித்திருக்காது. காம்பரா முழுக்கக் கறுவா வாசம் அடித்தது. அதை மீறி வேறொன்றும் என் மூக்குக்கு எட்டவில்லை.

மழை விடவில்லை. இலை காயாமல் வாடியில் நெருப்பு அணைந்தது, போத்தலும் காலியானது. அதற்கு மறுநாள்தான் நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டிகளை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். பிறகு அவள் கால் துணியை அவிழ்த்தேன். மேல்தோல் வெந்து வெள்ளையாகக் கிடந்தது. தூக்கினால் உள்ளே கறுப்பு.

"அடி பாவி! இதோடயா நடந்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவளை அப்படிச் சொன்னதில்லை.

"வலிக்கலியேடி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி முனையால் அவள் பாதத்தைக் குத்தினார். அவளைக் கண்ணை மூடச் சொல்லவில்லை. குத்தும்போது தெரிந்தால் "ஒவ்", ஆமாம் என்று சிங்களத்தில் சொல்லச் சொன்னார். அவள் ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தைச் சுளித்தபோதெல்லாம் "ஒவ், ஒவ்" என்றாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது, ஊசியைக் கீழே வைத்துவிட்டார். எண்ணெய் கிருமியைக் கொல்வது உண்மைதான் என்றார். ஆனால் இவளுக்குக் கிருமி எலும்பு வரைக்கும் போய்விட்டது, எண்ணெய் மேலே நல்ல சதையை வேகவைத்ததோடு சரி. உயிர் வேண்டுமானால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். அதைச் சிங்களத்தில்தான் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, ஆனாலும் அவள் என்னைப் பார்த்து, "என்னாடி சொல்றாரு?" என்றாள். நான் தமிழில் திரும்பச் சொன்னேன், கடையில் துணி விலை சொல்கிற குரலில்.

எடுத்துவிட்டார்கள். அண்ணன் வந்தான், வெளியே போய் நின்று பீடி குடித்தான், திரும்பிப் போனான்.

நான்காம் நாள் நான் போனபோது அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"வலிக்குதுடி."

"தையல் போட்ட இடமா அண்ணி?"

"இல்லடி. உள்ளங்கால். குச்சி ஏறுன எடம். அப்படியே குத்துதுடி, ஐயோ!"

இத்தனை நாள் வராத வலி. அந்தக் குச்சி இப்போதுதான் ஏறுகிற மாதிரி துடித்தாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சில பேருக்கு அப்படித்தான், கால் போன பிறகும் மூளைக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மாத்திரை எடுத்துவரப் போனாள்.

"சர்மிளா, பைக்குள்ள போத்தல் இருக்கா? வாடிக்குச் சொல்லியனுப்பியாச்சும் ஒரு சொட்டு கொண்டாடி. ஊத்துனா மரத்துரும்."

பையில் போத்தல் இருந்தது. பாறூக் முதலாளி அவளுக்கென்று கொடுத்துவிட்டிருந்தார், மழை விட்டதும் புதிதாக வடித்த சரக்கு. எடுத்து மூடியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை.

"ஊத்துடி" என்றாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

போர்வையை விலக்கினேன். கட்டுப் போட்ட முழங்காலுக்குக் கீழே வெறும் மெத்தைதான் இருந்தது. போத்தலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.