பிளாஸ்டிக் கழற்றாத மெத்தை

என் ஒன்பதாவது வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு தங்கச்சி வருவதாக இருந்தது. அம்மாவின் வயிற்றிலிருந்து அல்ல, எங்கள் நகரசபையான கவுன்சிலிலிருந்து. பெற்றோரிடம் வளர முடியாமல் வேறு வீடுகளில் தற்காலிகமாக வளரும் பிள்ளைகளில் ஒருத்தியைத் தத்தெடுக்க அம்மாவும் அப்பாவும் விண்ணப்பித்திருந்தார்கள். எந்தப் பிள்ளை, எப்போது என்று எவருக்கும் தெரியாது. முதலில் நாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமாம்.

அது லேசான வேலையில்லை. அப்பா லண்டனில் குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் கேட்டார்கள். படிவத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. அப்பா பதினொரு வீடுகளில் இருந்தவர். அவற்றில் பாதி, கீழே என்ன கடை இருந்தது என்பதை வைத்துத்தான் அவருக்கு ஞாபகம். ஒரு சனிக்கிழமை முழுவதும் எங்களை ஈஸ்ட் ஹாம் தெருக்களில் நடத்தி, கோழிக்கடை ஒன்றுக்கு மேலேயிருந்த ஜன்னலைக் காட்டி, "இதுக்குள்ளை ஆறு பேர் இருந்தனாங்கள்" என்றார். நான் கதவு இலக்கத்தைக் கொப்பியில் எழுதினேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராய்த் திரியும் என்னிடம் இன்று யாராவது அப்படிக் கேட்டால் ஒரு கொப்பி காணாது.

அம்மா போட்டது ஒரே ஒரு கட்டளை. ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

"பிள்ளை வாசல்படி ஏறுமட்டும் வாய் திறக்கப்படாது. நாவூறு படும்."

படிவமோ, எங்களை நன்றாக அறிந்த உறவினர் ஒருவரின் பெயரைக் கேட்டது. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அப்பாவின் தங்கை, என் மாமி, இருந்தார். அப்பா அவர் பெயரைச் சொன்னார்.

"உங்கட தங்கச்சிக்குச் சொல்லுறதும் கோயில் மைக்கிலை சொல்லுறதும் ஒண்டுதான்" என்றார் அம்மா. அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

மாடியில் இருந்த சின்ன அறையை ஒதுக்கிப் புதுக்கட்டில் ஒன்று போட்டார்கள். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்ற அம்மா விடவில்லை. தூசி படாமலிருக்க என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சாமான்கள் தங்கள் சொந்த வேலையைப் பார்ப்பது குறைவு. அம்மாவின் அறையில் ஒரு குழந்தைத் தொட்டில் இருந்தது. அதில் தோய்த்த உடுப்புகளைக் குவித்து வைப்போம். எல்லா வீட்டிலும் உடுப்புக்கு அப்படி ஒன்று உண்டு என்றே நான் நம்பியிருந்தேன்.

கவுன்சிலிலிருந்து சோசல் வேர்க்கர் வந்தார். அம்மா பொரித்த ரோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக் காட்டும்படி என்னிடம் கேட்டார். சின்ன அறை வாசலில் நின்று, இங்கே யாராவது வரப்போகிறார்களா என்றார். ஒருவரும் இல்லை என்றேன். அப்படியென்றால் கட்டில்? சாமான் வைக்க. ஒரு தங்கச்சி வந்தால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். ரகசியம் காத்த பெருமையில் நான் கீழே வந்து ஒரு ரோல்ஸை எடுத்தேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. வீட்டிலிருக்கும் பிள்ளைக்கே ஒன்றும் தெரியவில்லை, உறவினர் பெயரும் இன்னும் வரவில்லை, இரண்டும் சரியாகும்வரை எங்கள் கோப்பு அப்படியே நிற்கும் என்றார்கள்.

"அவவுக்கு நீ என்ன சொன்னனீ?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை. அம்மா சொன்ன மாதிரித்தான்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். அம்மா சிரிக்கவில்லை. "பிழை பிள்ளையிலை இல்லை" என்றுவிட்டு மாடிக்குப் போனார். எதையோ கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது பிளாஸ்டிக் முழுவதும் நிலத்தில் கிடந்தது. அம்மா வெறும் மெத்தையில் இருந்தபடி மாமிக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், நாங்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போறம். ஓம். இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை. சரிவரும்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமி ஒரு சூட்கேஸ் நிறையத் தன் மகள்மாரின் பழைய உடுப்புகளோடு வந்தார். வரப்போகும் பிள்ளையின் வயது தெரியாததால் எல்லா அளவிலும் கொண்டுவந்திருந்தார். சோசல் வேர்க்கர் மறுபடி வந்தபோது தங்கச்சியைப் பற்றிப் பேசிப் பேசியே நான் அவரை எழுதி முடிக்க விடவில்லை. கோப்பு நகர்ந்தது. தங்கச்சி வந்து அந்தக் கட்டிலில் படுக்க இன்னும் ஒரு வருடம் எடுத்தது. இன்று நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்று வாரம் தவறாமல் விசாரிப்பவள் அவள்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு தளபாடக் கடை ஒன்றின் லொறியில் வேலை செய்தேன். பிளாஸ்டிக் கழற்றிய மெத்தையைக் கடை திருப்பி எடுக்காது என்று ஒரு வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொட்டில் ஞாபகம் வந்தது. அன்று மாலையே அம்மாவிடம் கேட்டேன். எனக்கு மூன்று வயதில் ஒரு தம்பி பிறக்க இருந்தானாம். முன்கூட்டியே ஊர் முழுக்கச் சொல்லி, தொட்டிலும் வாங்கிப் பொருத்திப் பூட்டியாயிற்று. அவன் தங்கவில்லை. பூட்டிய தொட்டிலைக் கடை திருப்பி எடுக்கவுமில்லை.

அந்த மெத்தையை இனித் திருப்பிக் கொடுக்க முடியாதபடி அம்மா செய்துவிட்டார் என்பது அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. நிலத்தில் கிடந்த பிளாஸ்டிக்கைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு, சரசரவென்று வீடெல்லாம் நடந்து திரிந்தேன்.