யாருக்கு வளைகாப்பு?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட் அக்கா ஒவ்வொருவராகப் போனில் அழைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வளைகாப்பு. மறக்காம வந்துடுங்க."

"யாருக்குக்கா?" என்றேன்.

சிரித்தார். தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையாம்.

"நாலு பேரு சேந்து நின்னாலே சூப்பர்வைசர் வெரட்டுறாரு. அதான் சங்கக் கூட்டத்துக்கு இப்புடி ஒரு பேரு. ஆஸ்பத்திரியவே கூட்டித் தொடைக்கிறோம், எங்களுக்குக் காய்ச்சல்னா பாக்க ஆளில்ல. இ.எஸ்.ஐ. கார்டு கேக்கப்போறோம்."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"வளைகாப்புன்னு மட்டுந்தான் தெரியும். என்னைய சாப்பிடக் கூப்பிடலியேன்னு கோவிச்சுக்கிட்டாரு. பாவம், அவரும் காண்ட்ராக்ட்டுதான், அவருக்கும் கார்டு கெடையாது. நீங்களும் வாங்கன்னுட்டேன்."

இறங்கும்போது என்னையும் அழைத்தார்.

வளைகாப்புக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே. வளையல் வாங்கட்டுமா, சங்கக் கொடி வாங்கட்டுமா?