கடிவாளம் கடைசியில்

எங்கள் பள்ளத்தாக்கில் மட்டக்குதிரை வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருமே மென்னாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் அது. குதிரை இன்னும் வண்டியில் பூட்டியிருக்கும்போது யாராவது அதன் கடிவாளத்தில் கை வைத்துவிட்டால் போதும், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பாய்ந்து வரும்.

"எடு கையை! வண்டியை முதல்ல கழட்டு, கடிவாளம் கடைசியில! கொல்லணும்னா உன் குதிரையைக் கொல்லு, பக்கத்துல நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

அவள் சொல்வதில் ஒரு அட்சரம் தப்பில்லை. கடிவாளம் என்பது தலை முழுக்க மாட்டுகிற வார்க்கட்டு; அதோடு சேர்ந்துதான் கண்மறைப்பும் இருக்கிறது. அது இருக்கும்வரை குதிரை எதிரே உள்ள பாதையை மட்டும் பார்க்கும். தன் முதுகுக்குப் பின்னால் இரண்டு சக்கரங்கள் ஓடிவருவதை வருஷக்கணக்கில் காதால் கேட்டிருக்குமே தவிரக் கண்ணால் கண்டிருக்காது. வண்டியோடு நிற்கையில் கடிவாளம் கழன்றால் முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்கும். பயந்து ஓடும். ஓட ஓட அந்தப் பூதமும் துரத்தும்.

இந்தத் தப்பை மென்னாவே செய்தாள் என்பதை ஊர் இன்னும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. சிலர் கொஞ்சம் சந்தோஷமாகவே பேசுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதி என் பேனாவை அழுக்காக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஷோனி என்ற மட்டக்குதிரைக் குட்டியை அவள் இலையுதிர்கால மலைச் சந்தையில் வாங்கினாள். சாம்பல் நிறம், இடுப்பு உயரம், கண்ணை மறைக்கிற பிடரி. மனிதக் கையே படாமல் மலையில் வளர்ந்தவன். புருஷன் இத்வல், "இதென்ன ஆடா, குதிரையா? ரோமம் வெட்டி விக்கலாமா?" என்று கேட்டான். ஆடு வளர்க்கிறவனுக்கு ஆட்டைத் தவிர எதுவும் கண்ணில் படாது. இரண்டு குளிர்காலம் மென்னா அந்தக் குட்டியோடு பேசிக்கொண்டே திரிந்தாள். வண்டிக் குதிரைக்குக் குரல்தான் எல்லாம். முதுகில் ஆள் இல்லை, விலாவைத் தொடும் கால் இல்லை. லகான், சாட்டையின் நுனி, அப்புறம் குரல். 'நட' என்றால் நடப்பான். 'நில்' என்றால் லாரி உரசிக்கொண்டு போனாலும் ஆணி அடித்தது மாதிரி நிற்பான்.

பிள்ளை இல்லாத வீடு அது. இருந்த பேச்சையெல்லாம் அவள் ஷோனியின் காதுகளில்தான் கொட்டினாள். காலையில் பனி விலகும் முன் ஏரிப் பாதையில் வண்டி போகும். குளம்புச் சத்தம் கல்பாலத்தில் மாறி ஒலிக்கும். அவன் ஒரு காதை முன்னால் நீட்டி மறு காதை அவள் பக்கம் திருப்பியபடி ஓடுவான். எதிரே வந்தால் நானும் ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறேன். இடுப்புயரக் குதிரையும் தடித்த பொம்பளையும் போகிற வண்டியைப் பார்த்துச் சிரிப்பு வரவேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது.

போன ஆடியில், அதாவது எங்கள் ஊர் வைக்கோல் அறுவடைச் சமயம், எல்லோரும் வண்டிகளில் சுற்றிவிட்டு மைதானத்துக்குத் திரும்பியிருந்தார்கள். புழுக்கமான நாள். பெரிய மாட்டு ஈ ஒன்று ஷோனியின் கண்மறைப்புக்குள் புகுந்து கடித்துவிட்டது. அவன் தலையை உதறினான், காலில் தேய்த்தான், அவளைப் பார்த்துக் கனைத்தான். கடியிலிருந்து ரத்தம் கசிந்தது. மென்னா இறங்கிப் போய்த் தாடை வாரை ஒரு துளை தளர்த்தினாள். ஈயை எடுக்க விரல் நுழையட்டும் என்றுதான். நன்றி சொல்கிறவன் போல அவன் நெற்றியை அவள் தோளில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தான். கடிவாளம் காதுகளைத் தாண்டி நழுவி அவள் கையோடு வந்துவிட்டது.

"நில்!" என்று அவள் கத்தினாள். அவன் அதற்குள் பார்த்துவிட்டான்.

சக்கரம் அவள் இடுப்பு மேல் ஏறி இறங்கியது. வேலியில் மோதி வண்டி கவிழ்ந்து, குதிரையின் இரு விலாவையும் ஒட்டி நீளும் ஏர்க்கால்களில் ஒன்று முறிந்த பிறகுதான் ஷோனி நின்றான். அவனைப் பிடித்தவள் லோவ்ரி. மென்னாவிடம் இதே விஷயத்துக்காகத் திட்டு வாங்கி ஒரு நாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவள் அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மென்னா சக்கர நாற்காலியில் வந்தாள். எதையாவது பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்க முடியும், அவ்வளவுதான் என்றார்கள் டாக்டர்கள். வீட்டுக்குள் போகவே மாட்டேன் என்று சாதித்து, முதலில் மேய்ச்சல் நிலத்துக்கே தள்ளச் சொன்னாள். சரளைக் கல்லில் சக்கரம் நொறுநொறுத்தது. அவள் குரல் கேட்டுத் தலை தூக்கிய ஷோனி, நாற்காலியைப் பார்த்ததும் நிலத்தின் கடைசி மூலைக்கு ஓடி, முள்வேலிக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு நடுங்கினான்.

"கண்ணு, நான்தான்டா," என்றாள். அவன் இன்னும் உள்ளே திணித்துக்கொண்டான். இடுப்பு உடைந்தபோது அழாதவள் அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். இத்வல் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

வசந்தம் வந்ததும் கஷ்டம் இரட்டித்தது. எங்கள் மலைக் குதிரைகள் பாசியும் முள்செடியும் தின்று பிழைத்த வம்சம். அவற்றுக்குக் காற்றுகூட உடம்பில் ஒட்டும். நல்ல புல்லில் விட்டு வேலை வாங்காமல் வைத்தால் கொழுப்பேறி, குளம்புக்குள் சூடு பிடித்து, நிற்க முடியாமல் போய்விடும். முற்றினால் துப்பாக்கிதான். ஷோனியின் பிடரி மேடு கல் மாதிரி இறுகியிருந்தது. லாடம் அடிக்க வந்த கேரத் குளம்பைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த வளையம் தெரியுதா? இது முதல் எச்சரிக்கை. தினம் வேர்க்க வேர்க்க வேலை குடுங்க. இல்ல, குடுக்கிறவங்ககிட்ட குடுத்துடுங்க. அடுத்த தடவை நான் வர வேண்டியிருக்காது, குதிரை டாக்டர்தான் வருவார், துப்பாக்கியோட."

இத்வல் நல்ல புல்வெளியின் கதவைப் பூட்டி, அவனைச் சேற்று முற்றத்தில் கட்டினான். ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற காலம்; நடத்திக் கூட்டிப்போக இத்வலுக்கு நேரமுமில்லை, முழங்காலில் தெம்புமில்லை. லோவ்ரி ஏறினால் கால் தரையில் இழுபடும். வண்டி ஒன்றுதான் வழி. வண்டியில் ஒரு தடவை மிரண்டு ஓடியவனை மறுபடி பூட்டக்கூடாது என்று வண்டிக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் மென்னாதான்.

"பில்த் ஊர்ப் பக்கத்துல ஆன்வென்னு ஒரு அம்மா," என்றான் இத்வல் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில். "அவங்க சின்னப் பொண்ணு ஏறிப் பழகறதுக்குக் கேக்கறாங்க. மலைக்காடுதான் வெச்சிருக்காங்க, கொழுக்கற புல்லு கிடையாது. நல்ல மனுஷங்க."

"குடுக்க மாட்டேன்."

"அவன் செத்தா பரவாயில்லையா?"

"வண்டி இழுப்பான். நான் இழுக்க வெக்கிறேன்."

"நீயா? நாற்காலியைப் பாத்தாலே வேலிக்குள்ள போறான்!"

"அவங்க எப்ப வராங்க?"

"அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமை. வரச் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவன் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

மென்னா எதிரே இருந்த ரொட்டியைத் தள்ளிவிட்டாள். "வரட்டும். வந்து அவன் வண்டியில போறதைப் பாத்துட்டுப் போகட்டும்."

பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சமையலறை ஜன்னலில் தெரிகிற துண்டு மலையைப் பார்த்தபடி மிச்ச ஆயுளைக் கழிக்கச் சொன்னால் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்?

இத்வல் அவளைத் தூக்கிப்போய் முற்றத்தில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்த்திவிட்டு நாற்காலியைக் கண்ணுக்கு மறைவாக வைப்பான். அப்போது ஷோனி வருவான். மடியில் மூக்கை வைத்து, பழைய ஷோனியாகவே நிற்பான். பிறகு லோவ்ரி நாற்காலியைத் தூரத்தில் உருட்டுவாள். இன்றைக்குக் கொட்டகை வரை, நாளைக்குக் குழாய் வரை. தீனி காட்டி மயக்கவும் வழியில்லை. அவனுக்குத் தீனிதான் விஷம். பேச்சும் சொறிதலும் மட்டுமே. அவன் மென்னாவின் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்காலி பக்கத்தில் வந்தது. ஒருநாள் அவள் அதில் உட்கார்ந்தே அவன் கழுத்தைத் தடவினாள்.

"பாத்தியா!" என்றாள் இத்வலிடம். "பாத்தியா என் ராசாவை!"

அப்புறம் நீள லகானில் லோவ்ரி பின்னால் நடந்தாள். அப்புறம் பழைய டயர் ஒன்றை இழுக்க வைத்தார்கள். முதல் நாள் லோவ்ரியை முழங்கை சிராய இழுத்துப்போய்விட்டான். ஏர்க்காலுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் கம்பு கட்டியபோது வேர்த்து ஊற்றினான். இரவெல்லாம் வலியில் தூங்காமல், பகலெல்லாம் அவனிடம் பேசிப் பேசி மென்னாவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

"ஆன்ட்டி, கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாமே," என்றாள் லோவ்ரி.

"ஏது நாள்? அந்த அம்மா நாளைக்கு வருது. இன்னிக்குப் பூட்டு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டினார்கள். புது ஏர்க்கால் போட்ட அதே வண்டி. லோவ்ரி தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, இத்வல் வண்டியைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தான். மென்னா நாற்காலியிலிருந்து, "நில், கண்ணு. நில். நான் இருக்கேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஏர்க்கால் விலாவைத் தொட்டது. ஷோனி நின்றான். வார்களை மாட்டினார்கள். நின்றான்.

"என்னைத் தூக்கி உக்கார வை," என்றாள்.

"மென்னா, வேணாம்."

"தூக்கு இத்வல்!"

தூக்கி வைத்தான். மென்னா லகானை விரல்களுக்கிடையே கோத்துக்கொண்டு, "நட," என்றாள்.

நடந்தான். சக்கரம் சுழன்றது. லோவ்ரி தலைப்பக்கம் கூடவே போனாள். முற்றத்தைத் தாண்டி, வேலியோரமாக ஒரு முழுச் சுற்று. இத்வல் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினான். அந்தக் குதிரையைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன், "டேய் ஷோனி! சிங்கம்டா நீ! நான் அந்த அம்மாவுக்கு போன் பண்ணி வராதீங்கன்னு சொல்லிடறேன்!" என்று கூவினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

லகான் வழியாக மென்னாவுக்கு வந்துகொண்டிருந்தது வேறு சேதி. முன்பெல்லாம் அவன் வாய் அவள் விரலோடு பேசும், விளையாடும். இப்போது கடித்து இறுகிய தாடை. இரண்டு காதும் அவள் பக்கம் மடங்கியே கிடந்தன. குளிர்காற்றில் அவன் வயிற்றிலிருந்து வியர்வை சொட்டியது.

"நில்."

நின்றான். நின்றதும் உடம்பு முழுக்க நடுக்கம் ஓடி, ஏர்க்கால் வழியாக அவள் உட்கார்ந்த பலகை வரை அதிர்ந்தது. சாணி தண்ணீராகக் கழிந்தது.

"லோவ்ரி, அவன் கண்ணு எப்படி இருக்கு?"

லோவ்ரி கண்மறைப்புக்குள் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி."

"பொய் சொல்லாத."

லோவ்ரி நிமிரவில்லை. "வெள்ளையெல்லாம் தெரியுது ஆன்ட்டி," என்றாள்.

மென்னா லகானைத் தளர்த்திப் பிடித்தாள். ஓட வேண்டும் என்று ஒவ்வொரு மயிர்க்காலும் துடிக்கிறது அவனுக்கு. அவள் நில் என்றதால் நிற்கிறான். நாளைக்கும் நிற்பான், மறுநாளும் நிற்பான், நெஞ்சு வெடிக்கிறவரை நிற்பான்.

"அவுத்துடு," என்றாள்.

"என்னது? அவன்தான் நடந்தானே!" இத்வல் ஓடிவந்தான். "நடந்தானே மென்னா! இதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

"நடந்தான். நான் சொன்னேன்னு நடந்தான். அவுத்துடுங்க. என்னை இறக்கு முதல்ல." குரல் உடைந்தது, ஆனாலும் பழைய அதட்டல் ஒரு நொடி திரும்பி வந்தது. "லோவ்ரி! வண்டியை முதல்ல. கடிவாளம் கடைசியில."

"தெரியும் ஆன்ட்டி," என்றாள் லோவ்ரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வார்களைக் கழற்றினார்கள். இத்வல் வண்டியைப் பின்னால் இழுத்துக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகுதான் மென்னா நாற்காலியில் இருந்தபடி கை நீட்டி, தாடை வாரை அவிழ்த்துக் கடிவாளத்தை எடுத்தாள். ஷோனி திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒன்றுமில்லை, வெறும் முற்றம். அவன் நெற்றியை அவள் தோளில் வைத்துத் தேய்த்தான்.

சனிக்கிழமை ஆன்வென் வந்தாள். பார்த்தாலே தெரியும், குதிரை தெரிந்த பெண். மென்னா நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நல்ல புல்லு காட்டாதீங்க. காதுக்குப் பின்னால சொறிஞ்சா பிடிக்கும். பேசிக்கிட்டே இருங்க, என்ன பேசினாலும் கேப்பான். சக்கரம் மட்டும் எப்பவும் வேண்டாம், யார் கேட்டாலும்."

"நான் பாத்துக்கறேங்க," என்றாள் ஆன்வென்.

காருக்குப் பின்னால் கோத்திருந்த, குதிரை ஏற்றும் பெட்டியின் சாய்பலகை வரை ஷோனி லோவ்ரியோடு ஒழுங்காக வந்தான். அதில் ஒரு காலை வைத்தவன் நின்றுவிட்டான். ஆன்வென் இழுத்தாள், இத்வல் பின்னால் தள்ளினான், அசையவில்லை. தலையைத் திருப்பி முற்றத்து நாற்காலியைப் பார்த்தான். பிறகு இரண்டு காதையும் அவள் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"என்னங்க வேணும் இவனுக்கு?" என்று கேட்டாள் ஆன்வென்.

இத்வலுக்குத் தெரியும், லோவ்ரிக்கும் தெரியும். இருவரும் மென்னாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். வேறு யார் சொன்னாலும் அவன் போகமாட்டான்.

மென்னா நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏரிப் பாதையில் தினமும் காலையில் சொன்ன அதே குரலில், துளியும் நடுங்காமல், சொன்னாள்.

"நட."

ஷோனி ஏறிப் போனான்.